பதினோராவது எழுத்து

அத்தானுக்கு அமெரிக்கக் கார்தான் வேண்டுமாம்.
முப்பது ஆண்டாய்ப் பொத்திவைத்த ஆசை.
அதற்குள் அக்காள்
மூன்று முறை சமையலறையை மாற்றிவிட்டாள்.

அலெக்சாண்ட்ரா சாலைக்கு
என்னையும் இழுத்துப் போனார்.
வாகனப் பரிசோதனை நிலையத்தில்
பத்தொன்பது ஆண்டாய்
அடிச்சட்ட எண் படிப்பவள் நான்.
பெண் பார்க்கப் போகிறவர்
ஜோசியரையும் கூட்டிப்போவது போல.

முதல் கடை.
மூக்கில் அமெரிக்கச் சின்னம்.
ஈரத் துணியால் துடைத்த கண்ணாடியில்
அத்தான் தலை சீவிக்கொண்டார்.
விற்கிற பெண் ஹுய் ஷான் கதவைத் திறந்துவிட,
இருக்கையில் அமராமல்
அதன்மேல் கையை மட்டும் வைத்துப் பார்த்தார்.
நான் கண்ணாடியின் கீழ்மூலையில் குனிந்தேன்.
பதினேழில் முதல் எழுத்து எல்.
"சீனா, அத்தான்."
சுட்டதுபோல் கையை எடுத்தார்.
ஹுய் ஷான் சிரித்தாள்:
"நானும்தான் அங்கிள்,
நாலு தலைமுறைக்கு முன்னே."

இரண்டாவது கடைக்கு
வெயிலுக்குப் பயந்துதான் நுழைந்தோம்.
சின்னம் ஜெர்மானியம்.
அத்தான் குளிரூட்டியின் அடியில் நின்றுகொண்டார்,
கார்களுக்கு முதுகைக் காட்டி.
சும்மா இருக்கமாட்டாத கண் எனக்கு.
முதல் எழுத்து டபிள்யூ. ஜெர்மனி. சரிதான்.
ஆனால் முதல் எழுத்து குலத்தைத்தான் சொல்லும்.
பிரசவம் பார்த்த வீட்டைச் சொல்வது
பதினோராவது.
அங்கே ஏ.
"அலபாமா" என்றேன்.
"எது?"
"இது."
தேடிவந்த வீட்டு வாசலில்
வேறொருவர் பெயர்ப்பலகையைப் படிப்பவர்போல்
வெகுநேரம் நின்றார்.

கோப்பிக் கடையில்
மெல்லிய கைத்தாளில் கணக்குப் போட்டோம்.
இயந்திரம் ஜெர்மனி.
கம்பிச்சரம் மெக்சிகோவாக இருக்கலாம்.
இருக்கைத் தோல் எந்த ஊர் மாடோ.
சுக்கானை வலப்பக்கம் வைத்தது
நமக்காகவும் இன்னும் சில தீவுகளுக்காகவும்.
பூட்டியவர்கள் மட்டும் அலபாமாக்காரர்கள்,
அவர்களிலும் யார் எங்கிருந்து வந்தவரோ.
மிச்சம், விலையில் பாதிக்கு மேல்,
வரியும் உரிமைச் சான்றிதழும்.
"அது எந்த ஊரில் செய்தது?"
"இங்கேதான். சுத்தமான உள்ளூர்ச் சரக்கு.
பத்தாண்டு ஓடும்."
அவர் சிரிக்கவில்லை.
கோப்பியில் பால் ஆடை கட்டியது.

பிறகு முழுக்கைச் சட்டையை மடித்தார்.
எனக்குத் தெரிந்த தழும்புதான்,
முழங்கைக்குக் கீழே
வெள்ளைப் பல்லி.
தொண்ணூற்றெட்டில் துவாஸில் கட்டிய
எண்ணெய் மேடை.
மூன்று கால்.
நடுக்கால் பற்றவைப்பு முழுக்க
இவரும், சலீமும்,
பங்ளாதேஷ் பையன்கள் ஒன்பது பேரும்.
எட்டுப் பேர் என்று திருத்தினார்.
ஹூஸ்டன்காரன் வந்து
தன் மகள் பெயரைச் சூட்டினான்.
இழுவைப் படகு இழுத்துப் போனபோது
பத்திரிகையில் போட்டார்கள்:
அமெரிக்க மேடை.
"நானும் அப்படித்தான் சொன்னேன்.
ஊருக்கெல்லாம் சொன்னேன்.
அமெரிக்காக்காரன் சாமான், நாங்கள் தொட்டோம் என்று."

கைத்தாளை நாலாக மடித்தார்.
எட்டாக மடித்தார்.
"அதில் பதினோராவது எழுத்து
எங்கே இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை.
கார்களைத்தான் படித்திருக்கிறேன்.

ஹுய் ஷான் இரண்டு முறை அழைத்தாள்.
அத்தான் எடுக்கவுமில்லை,
எண்ணை அழிக்கவுமில்லை.
பேருந்து வந்தது.
ஏறும்போதே பழக்கத்தில்
கதவோரத் தகட்டுக்கு என் தலை சாய்ந்தது.
"விடு" என்றார்.
"பின்னால் இரண்டு இடம் காலியாக இருக்கிறது,
சீக்கிரம் வா."